எல்க் கொம்பு சுமக்க எந்தப் பை? இரண்டு சட்டங்களைப் பற்றி ஒரு பதில்

நீங்கள் கேட்டது இதுதான்: சால்ட் லேக் சிட்டிக்கு வேலை மாறி வந்து ஒரு வருடம் ஆகிறது. அலுவலக நண்பர்களோடு மே 1ஆம் தேதி வயோமிங் மலைக்குள் போய், எல்க் மான்கள் உதிர்த்துப் போட்ட கொம்புகளைப் பொறுக்கி வரத் திட்டம். எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போவதற்காக வாங்கிய 65 லிட்டர் பை கைவசம் இருக்கிறது. அது போதுமா, அல்லது நண்பர்கள் சொல்கிறபடி 600 டாலர் கொடுத்து வேட்டைக்காரர்கள் பை ஒன்று வாங்க வேண்டுமா? வாங்கினால் எத்தனை லிட்டர்? கேள்வி லிட்டரில் முடிகிறது. ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, எந்தப் பைக்குள்ளும் அடங்காத ஒரு பொருளை ஐந்தாறு மைல் தூரத்திலிருந்து முதுகும் கண்ணும் கெடாமல் எப்படிக் கொண்டுவருவது என்பதைத்தான். அதற்கு லிட்டர் கணக்கு உதவாது.

நான் திருப்பூர்க்காரன். டெக்ஸ்டைல் படித்துவிட்டு இங்கே வந்து, பன்னிரண்டு வருடமாக யூட்டாவில் மலையேற்றப் பைகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். எந்தப் பை எங்கே பிய்யும் என்பது என் மேஜைக்கு வருகிற பிய்ந்த பைகள் சொல்லித் தெரிந்தது. வசந்த காலத்தில் சனி ஞாயிறுகளில் நானும் கொம்பு பொறுக்கப் போவேன். எல்க், மியூல் மான் இரண்டோடும் என் அனுபவம் முடிந்தது. மூஸ் என்ற பெரிய மானின் கொம்பை நான் சுமந்ததில்லை, அதைப் பற்றி இங்கே பேசப் போவதும் இல்லை. முதுகுவலி ஏற்கெனவே இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

கொம்பு சுமக்க இரண்டு சட்டம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று பைக்குள் இருப்பது, இன்னொன்று அரசாங்கம் போட்டது. இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் தேதியே தப்பு. வயோமிங்கின் மேற்குப் பகுதிப் பொது நிலங்களில் ஜனவரி 1 முதல் கொம்பு பொறுக்கத் தடை. அது மே 1 காலை 6 மணிக்கு விலகுவது அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும். வெளி மாநிலத்துக்காரர்களுக்கு 2024 முதல் ஒரு வாரம் தள்ளி, மே 8 காலை 6 மணி. அதோடு கன்சர்வேஷன் ஸ்டாம்ப் என்ற வனவிலங்குக் கட்டணச் சீட்டு ஒன்றும் வாங்க வேண்டும். நீங்கள் யூட்டாவாசி, ஆகவே உங்களுக்கு மே 8. யூட்டாவுக்குள்ளேயே பொறுக்குவதாக இருந்தால், வசந்த காலத்துக்கு இலவச ஆன்லைன் பாடம் ஒன்றை முடித்து அந்தச் சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும். கொலராடோவில் 25ஆம் எண் நெடுஞ்சாலைக்கு மேற்கே உள்ள பொது நிலங்கள் ஏப்ரல் 30 வரை மூடியிருக்கும். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. 2023இல் பனி கடுமையாக இருந்ததால் யூட்டாவில் மாநிலம் முழுவதையும் அவசரமாக மூடினார்கள். அதனால் கிளம்புவதற்கு முந்தைய வாரம் அந்த மாநில வனவிலங்குத் துறையின் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள், நான் எழுதியதை நம்பிப் போகாதீர்கள். தடைக்குக் காரணம் எளிது. குளிர்காலம் முடியும்போது மான்கள் உடம்பில் மிச்சமிருக்கும் கொழுப்பில்தான் உயிரை ஓட்டுகின்றன. அந்த நேரத்தில் அவற்றை நாலு தடவை மலைமேல் விரட்டினால், துப்பாக்கி இல்லாமலேயே கொன்ற மாதிரி.

யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன் போன்ற தேசியப் பூங்காக்களில் எந்த மாதத்திலும் கொம்பை எடுக்கக் கூடாது. வயோமிங்கின் ஜாக்சன் ஊரை ஒட்டிய தேசிய எல்க் சரணாலயத்தில் சாரணர் பிள்ளைகள் மட்டும் அனுமதியோடு பொறுக்குவார்கள். 1968 முதல் மே மாதத்தில் ஊர்ச் சதுக்கத்தில் ஏலம் நடக்கிறது, வருமானத்தில் பெரும்பகுதி சரணாலயத்துக்கே திரும்புகிறது. அந்தச் சதுக்கத்தின் நாலு மூலைகளிலும் கொம்புகளாலேயே கட்டிய வளைவுகள் உண்டு. போகும் வழியில் நின்று ஒரு கொம்பைப் பிடித்துப் பாருங்கள், நான் அடுத்துச் சொல்லப் போவது பாதி அங்கேயே புரிந்துவிடும்.

தமிழில் மாட்டுக்கும் கொம்பு, மானுக்கும் கொம்பு. ஆனால் மாட்டுக் கொம்பு ஆயுளுக்கும் இருப்பது, உள்ளே எலும்பும் மேலே நகம் போன்ற உறையும் கொண்டது. மானுடையது முழுக்க எலும்பு, வருடா வருடம் விழுந்து புதிதாக முளைக்கும். மியூல் மான் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் உதிர்க்கும், எல்க் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில். வளர்ந்த எல்க் கிடாயின் ஒரு பக்கக் கொம்பு 7 முதல் 10 பவுண்டு இருக்கும், நன்றாக முற்றியது அதற்கும் மேலே போகும். நீளம் நாலு அடியைத் தொடும், ஐந்தாறு கிளைகள் இருக்கும். எடை பெரிய விஷயமே இல்லை. இந்தியக் கடையில் 20 பவுண்டு சோனா மசூரி மூட்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு காருக்கு நடக்கிறீர்கள், இரண்டு கொம்பு அவ்வளவுதான். வடிவம்தான் சங்கடம். ஊரில் விறகுக் கட்டு கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நேரான கட்டைகளை அடியில் வைத்து, கோணலானதை மேலே செருகி, கடைசியில் ஒரு முறுக்கு முறுக்கிக் கயிற்றை இறுக்குவார்கள். இங்கே நேரான கட்டை ஒன்றுகூடக் கிடையாது, எல்லாமே கோணல்.

கோணல் என்பதால் சுமை முதுகை ஒட்டி உட்காராது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஒட்டி வைத்தால் ஒரு தெரு நடக்கலாம், அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் பத்தடி தாண்ட முடியாது. குடத்தின் எடை மாறவில்லை, உடம்பிலிருந்து தள்ளிப் போன தூரம்தான் மாறியது. 40 பவுண்டு கொம்பு முதுகிலிருந்து நாலு அங்குலம் தள்ளி நின்றால், அது உங்களைப் பின்னால் இழுக்கும். நீங்கள் முன்னால் குனிந்து ஈடுகட்டுவீர்கள், சாயங்காலம் கழுத்தும் தோளும் பேசும். ஆகவே பை வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் விஷயம் கொள்ளளவு அல்ல. சுமையை முதுகோடு ஒட்டி வைக்க அதில் வழி இருக்கிறதா, அந்த எடையை வளையாமல் இடுப்புக்கு இறக்கும் சட்டம் உள்ளே இருக்கிறதா, இந்த இரண்டும்தான்.

உங்கள் 65 லிட்டர் பைக்கு வருவோம். புகைப்படம் போடவில்லை, அதனால் நீங்களே சோதிக்கலாம். முதுகுப் பக்கத்தில் வலை மாதிரி இழுத்துக் கட்டி, அதற்கும் பைக்கும் நடுவில் காற்று போகிற இடைவெளி இருக்கிறதா? வெயிலில் வேர்க்காமல் இருக்க அருமையான ஏற்பாடு, கொம்புக்கு மோசமான ஏற்பாடு. அந்த வளைவே சுமையை இரண்டு மூன்று அங்குலம் பின்னால் தள்ளிவிடும். அப்படி இல்லாமல், இரண்டு அலுமினியப் பட்டைகளோ கனமான பிளாஸ்டிக் தகடோ முதுகை ஒட்டியே இருந்தால் பரவாயில்லை. அடுத்தது, பக்கவாட்டு ஸ்ட்ராப்கள். முழுக்க இழுத்து நீட்டினால் எவ்வளவு நீளம் வருகிறது என்று பாருங்கள். தூக்கப் பையை அமுக்குவதற்கென்றே தைத்த ஸ்ட்ராப் எல்க் கொம்பின் அடித்தண்டைச் சுற்றி வந்து பக்கிளில் மாட்டாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால், முதல் வருடம் அதையே எடுத்துப் போங்கள். நான் தயங்காமல் சொல்வது இது: கொம்பு கிடைக்கும் என்ற உத்தரவாதமே இல்லாத ஒரு பொழுதுபோக்குக்கு, முதல் பயணத்துக்கு முன்னாலேயே 600 டாலர் செலவழிக்க வேண்டாம். பத்து மைல் நடந்து, வெள்ளையாய் வெளுத்துச் சுண்ணாம்புக் கட்டியாகிவிட்ட ஒரே ஒரு மியூல் மான் கொம்போடு திரும்பிய நாட்கள் எனக்கு நிறைய.

ஒரு பருவம் போய்விட்டு வந்தும் ஆசை அடங்கவில்லை என்றால், அப்போது வேட்டைக்காரர்கள் பையைப் பற்றி யோசிக்கலாம். அவற்றின் சூட்சுமம் ஒன்றுதான். சட்டம் தனி, பை தனி. இரண்டையும் இணைக்கும் ஸ்ட்ராப்களைத் தளர்த்தினால் நடுவில் ஒரு சந்து திறக்கும், அடியில் ஒரு சின்னத் தட்டு மாதிரி துணி இருக்கும். இறைச்சி சுமக்கச் செய்த ஏற்பாடு அது. நமக்குக் கொம்பின் தண்டு அந்தச் சந்தில் முதுகை ஒட்டி உட்காரும், கிளைகள் மட்டும் வெளியே நீட்டும், பை பின்னாலிருந்து வந்து எல்லாவற்றையும் அணைத்துக்கொள்ளும். ஐடஹோ மாநிலம் போய்சியில் இருக்கும் எக்ஸோ மவுண்டன் கியர், மொண்டானா போஸ்மனில் தொடங்கிய ஸ்டோன் கிளேசியர், மிஸ்டரி ராஞ்ச், கொலராடோவில் தொடங்கிய கிஃபாரு, சீக் அவுட்சைட் எல்லாமே இந்தத் தத்துவத்தில் ஓடுகிறவை. இவற்றில் எது உசத்தி என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன். உங்கள் இடுப்பு எலும்பில் எது உட்காருகிறதோ அதுதான் உசத்தி. ஒருவருக்குத் தேன் மாதிரி இருக்கும் பை இன்னொருவருக்கு இரண்டாவது மைலிலேயே கொப்புளம் கிளப்பும்.

மலிவான வழியும் உண்டு, எனக்கு அதுதான் பிடித்தது. பை இல்லாத வெறும் அலுமினியச் சட்டம், இடுப்பு பெல்ட்டோடு, ஏணி மாதிரி இருக்கும். டிக் கெல்டி 1952இல் கலிஃபோர்னியாவில் இந்த மாதிரிச் சட்டப் பைகளை விற்கத் தொடங்கினார், பிறகு முப்பது வருடம் மலையேறியவர்களில் பாதிப்பேர் முதுகில் அதுதான். இன்றைக்கு அவை பழைய சாமான் கடைகளில் தூசி படிந்து கிடக்கின்றன. நான் ஒன்றை 25 டாலருக்கு வாங்கி, இற்றுப்போன தோள் ஸ்ட்ராப்களை மட்டும் மாற்றித் தைத்தேன். கம்பியும் குறுக்குச் சட்டமும் வெளியிலேயே இருப்பதால் எந்த இடத்திலும் கயிறு மாட்டலாம். குறைகளும் உண்டு: கிறீச் கிறீச்சென்று சத்தம் போடும், பாறைச் சரிவில் உடம்போடு திரும்பாமல் தனியாக ஆடும், காரின் டிக்கியில் மடங்காது. புதிதாகவே வேண்டும் என்றால் ஆல்ப்ஸ் அவுட்டோர்ஸ் கமாண்டர் மாதிரிச் சட்டங்கள் வேட்டைப் பைகளின் விலையை விடக் குறைவாகவே கிடைக்கும்.

லிட்டர் கணக்கு வேண்டும் என்று நீங்கள் கேட்டதால் ஒரு வரி: பகல் நடைக்குத் தண்ணீர், சாப்பாடு, மழைக் கோட்டு, ஒரு கம்பளி, மருந்துப் பொட்டலம் போக 35 முதல் 50 லிட்டர் தாராளம். கொம்பு அந்தக் கணக்குக்குள் வராது.

இப்போது என் தொழில் பக்கம். பைத்துணியில் டெனியர் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுதான் டெனியர். கொம்புக்கு 500 டெனியர் நைலான் போதும். இதற்கு மேல் போனால் எடைதான் கூடும். ஆனால் 100 டெனியருக்குக் கீழே உள்ள மெல்லிய பைகளை நான் இந்த வேலைக்குக் கொண்டுபோக மாட்டேன், கிளையின் நுனி ஒரே உரசலில் கோடு போட்டுக் கிழித்துவிடும். துணியை விட முக்கியம், ஸ்ட்ராப் பையோடு சேரும் இடம். அங்கே நெருக்கமாக, முன்னும் பின்னும் ஓடிய ஒரு சின்னச் செவ்வகத் தையல் இருக்கும். திருப்பூரில் பார்டாக் என்போம், ஜீன்ஸ் பாக்கெட் மூலையில் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு ஸ்ட்ராப்பின் அடியையும் நகத்தால் நிமிண்டிப் பாருங்கள். நேர்த் தையல் இரண்டு வரி மட்டும் ஓடியிருந்தால், அது தூக்கப் பையைப் பிடிக்கும், 40 பவுண்டு ஆடும் எலும்பைப் பிடிக்காது. என் மேஜைக்கு வரும் கொம்பு விபத்துகளில் துணி கிழிந்தது குறைவு, இந்த மூலை பிய்ந்ததுதான் அதிகம். ஒருமுறை எனக்கே நடந்தது. புதிதாக வாங்கிய பையில் இடுப்பு பெல்ட்டின் ஒரு பக்கம், ஓடையைத் தாண்டக் கால் வைத்த நேரத்தில், பட்டென்று விட்டது. மொத்தச் சுமையும் வலது தோளுக்குச் சாய்ந்து, முழங்கால் வரை பனித் தண்ணீரில் உட்கார்ந்தேன். பையைப் பிரித்துப் பார்த்தபோது அந்த இடத்தில் பார்டாக் அடிக்க மறந்திருக்கிறார்கள். கம்பெனிக்காரர்கள் வேறு பை கொடுத்தார்கள், நனைந்த காலுக்கு என்ன கொடுப்பது? அன்றிலிருந்து ஊசியும் பல் தேய்க்கும் நைலான் நூலும் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். பல்லிடுக்கில் விடும் அந்த நூலை விடப் பலமான, மலிவான தையல் நூல் மலையில் கிடைக்காது.

கட்டுவதற்குத் தனியாக நாலு ஸ்ட்ராப் வாங்குங்கள். ஒரு அங்குல அகலம், ஐந்தாறு அடி நீளம், பல் கடிக்கும் பக்கிள். முடிந்தால் பாலியெஸ்டர். நைலான் தண்ணீர் குடித்தால் நீளும், காலையில் இறுக்கிய கட்டு மத்தியான மழைக்குப் பிறகு தொளதொளவென்று ஆகும். பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது. சால்ட் லேக்கிலேயே தயாராகும் வொலே ஸ்ட்ராப், பனிச்சறுக்குக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் மாதிரியான பட்டை, கொம்பின் சொரசொரப்பில் வழுக்காமல் பிடிக்கும். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு மட்டும் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு அடிக்கும் சுமை துள்ளும், கொக்கி கழன்றால் நேராக முகத்துக்கு வரும்.

கட்டும் விதம். இரண்டு கொம்பு இருந்தால் தனித்தனியாகக் கட்டாதீர்கள். முதலில் தரையில் வைத்து, ஒன்றின் வளைவுக்குள் இன்னொன்றைச் செருகி, கிளைகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும் நிலையைக் கண்டுபிடியுங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் விரல் கோத்துப் பிடிப்பது போல. திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஒரு இடத்தில் டக்கென்று உட்காரும், அதற்கப்புறம் ஆட்டினாலும் ஆடாது. அந்த நிலையில் ஒரு ஸ்ட்ராப்பால் இரண்டையும் சேர்த்து இறுக்கிவிட்டு, பிறகு ஒரே பொருளாகச் சட்டத்தில் ஏற்றுங்கள். ஸ்ட்ராப்பை வழுவழுவென்ற தண்டின் நடுவில் சுற்றினால் பத்து நிமிடத்தில் நழுவும். கிளை தண்டிலிருந்து பிரியும் கவட்டையில் சுற்றுங்கள், அங்கே தானாகவே பூட்டிக்கொள்ளும். அடியில் ஒன்று, மேலே ஒன்று, குறுக்காக ஒன்று. கட்டி முடித்ததும் பையைத் தூக்கி உலுக்குங்கள். தனியாக ஏதாவது சத்தம் கேட்டால் கட்டு சரியில்லை.

அடிப்பகுதி கீழேயா, மேலேயா என்பதில் இங்கே பழகினவர்களே சண்டை போடுவார்கள், நானும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அடி கீழே, நுனி மேலே என்றால் நடைக்குச் சுகம், கால் தட்டாது. ஆனால் நுனிகள் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும், பைன் மரக் கிளையில் மாட்டி உங்களை அப்படியே பின்னால் மல்லாத்தும். அடி மேலே, நுனி கீழே என்றால் கனமான பகுதி தோள்பட்டை உயரத்தில் நிற்கும், சமநிலை நன்றாக இருக்கும், மரங்களுக்கிடையே மாட்டாது. ஆனால் இறக்கத்தில் நுனி கெண்டைக் காலைக் குத்தும். சேஜ் புதர் மட்டும் இருக்கும் திறந்த சரிவென்றால் நான் முதல் விதம், அடர்ந்த மரக்காடென்றால் இரண்டாவது விதத்தில் நுனிகளைப் பக்கவாட்டில் விரித்துக் கட்டுவேன். எப்படியானாலும் ஒரு விதி மாறாது: எந்த நுனியும் தலையையோ கழுத்தையோ பார்த்து நிற்கக் கூடாது. வழுக்கிப் பின்னால் விழுந்தால் முதலில் தரையைத் தொடுவது கொம்பு, அது திரும்பி எங்கே வரும் என்று யோசித்துக் கட்டுங்கள். தலைக்குப் பக்கத்தில் வரும் நுனிகளுக்குப் பழைய டென்னிஸ் பந்தில் ஓட்டை போட்டு மாட்டுவேன். நண்பர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வெளியே நீட்டும் கிளையில் ஆரஞ்சுத் துணி ஒன்றும் கட்டுங்கள். மே மாதம் இந்த மலைகளில் கரடி வேட்டைப் பருவமும் நடக்கும், புதருக்கு மேலே நகரும் எல்க் கொம்பாக நீங்கள் தெரிய வேண்டாம்.

கரடி என்றதும் இன்னொன்று. வயோமிங்கின் வடமேற்கு, கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடிகளின் நாடு. கரடியை விரட்ட மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் கரடி ஸ்ப்ரேயைப் பைக்குள் வைத்தால் இல்லாததற்குச் சமம். இடுப்பு பெல்ட்டில் மாட்டுங்கள், கொம்பு கட்டிய பிறகு கை அதற்குத் தடையில்லாமல் போகிறதா என்று நாலு தடவை எடுத்துப் பழகுங்கள். 2022 மார்ச்சில் மொண்டானாவில் யெல்லோஸ்டோனுக்கு வடக்கே கொம்பு தேடப் போன ஒருவரை கிரிஸ்லி கொன்றது. கொம்பு தேடுகிறவர் தரையையே பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் புதருக்குள் நடப்பவர், கரடிக்கு முன்னறிவிப்பே கிடைக்காது. பேசிக்கொண்டே நடங்கள்.

பை அளவைப் பற்றிக் கடைக்காரர்கள் உங்கள் உயரத்தைக் கேட்பார்கள், உயரம் முக்கியமில்லை. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். இடுப்பில் கை வைத்தால் கட்டை விரல் உட்காரும் எலும்பு விளிம்பு ஒன்று இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவே முதுகின் நீளம்தான் உங்கள் அளவு, வீட்டில் யாரையாவது டேப் பிடிக்கச் சொல்லுங்கள். இடுப்பு பெல்ட்டின் நடு அந்த எலும்பு விளிம்பின் மேலே உட்கார வேண்டும். வயிற்றில் கட்டினால் மூச்சு முட்டும், தொடைப் பக்கம் இறங்கினால் எடை தோளுக்குப் போகும். தோள் ஸ்ட்ராப்பின் மேலிருந்து சட்டத்துக்குப் போகும் சின்ன இழுப்பு ஸ்ட்ராப் சாய்வாக மேல்நோக்கிப் போக வேண்டும். அது தட்டையாகவோ கீழ்நோக்கியோ இருந்தால் சட்டம் உங்களுக்குக் குட்டை. அப்புறம், நான் பட்டறைக்கு வருகிறவர்களிடம் சொல்லும் சோதனை: 20 பவுண்டு அரிசி மூட்டை இரண்டைப் பைக்குள் வைத்து, வீட்டு மாடிப்படியில் அரை மணி நேரம் ஏறி இறங்குங்கள். கடைக் கண்ணாடி முன்னால் ஐந்து நிமிடம் நிற்பதில் தெரியாதது இதில் தெரிந்துவிடும். எவ்வளவு சுமக்கலாம் என்பதற்கு உடல் எடையில் கால் பங்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். அது வழக்குப் பேச்சுதான், கல்வெட்டல்ல. பாதையில்லாத சரிவில், முதல் தடவை என்றால், அதற்கும் கீழேயே நில்லுங்கள். ஆறு கொம்பு கிடைத்து நாலைத்தான் தூக்க முடியும் என்றால், மிச்சத்தை மரத்தடியில் வைத்து ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டு மறுநாள் வரலாம். தள்ளுவண்டி கொண்டுபோகும் யோசனை வந்தால், 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி வில்டர்னஸ், அதாவது இயற்கை நிலையிலேயே விட்டுவைக்கும் காடு, என்று அறிவித்த பகுதிகளுக்குள் சக்கரம் வைத்த வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

ஓய்வெடுக்கும் விதமும் பையோடு சேர்ந்ததுதான். கொம்பு கட்டிய பையைத் தரையில் வைத்துவிட்டு மறுபடி தனியாளாகத் தூக்குவது கொடுமை, முக்கால்வாசி இடுப்புப் பிடிப்பு அப்போதுதான் வருகிறது. நம் ஊர்ப் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல் என்று தோள் உயரத்துக்குக் கல் நட்டு வைத்திருப்பார்களே, தலைச்சுமையை அப்படியே அதில் சாய்த்து வைத்துவிட்டு மூச்சு வாங்கலாம். வயோமிங்கில் அதை நட்டு வைக்க ஆள் இல்லை, ஆனால் இடுப்பு உயரப் பாறையும் விழுந்த மரமும் நிறைய. அதைக் கண்டால் களைப்பு இல்லாவிட்டாலும் நின்று சாயுங்கள்.

மண்டையோட்டோடு சேர்ந்தே கிடக்கும் கொம்பு கிடைத்தால் தொடாதீர்கள். அது உதிர்ந்ததல்ல, செத்த விலங்கு. பல மாநிலங்களில் அதற்கு விதியே வேறு, யூட்டாவில் இடத்தைக் குறித்துக்கொண்டு அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும். ஊருக்குப் போகும்போது அப்பாவுக்குக் காட்ட ஒன்று எடுத்துப் போகலாம் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. வேண்டாம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் கொம்பை வீட்டில் வைத்திருப்பதே வழக்காகும். இது அமெரிக்க மான் என்று விமான நிலையத்தில் விளக்கிக்கொண்டு நிற்பது உங்களுக்கு அவசியமில்லாத வேலை. புகைப்படம் போதும்.

மே 8க்கு முன்னால் அந்த அரிசி மூட்டைச் சோதனையைச் செய்துவிட்டு, பையைக் கழற்றியதும் உடம்பில் எந்த இடம் சிவந்திருக்கிறது என்று எழுதுங்கள். இடுப்பெலும்பின் முன்பக்கமா, தோளின் மேலேயா, முதுகின் நடுவிலா? அதை வைத்துப் பையைத் திருத்தினால் சரியாகுமா, வேறு பைதான் வேண்டுமா என்று இங்கிருந்தே ஓரளவு சொல்லிவிடுவேன்.